தடித்த எழுத்தில் ஒரு நம்பர்

"கையை நீட்டுங்க மிஸ். இந்தத் தடவை ஏமாத்தலையே?"

போன சனிக்கிழமை காலை ஏழு மணி. மன்னார்குடியில் ஒரு ரத்தப் பரிசோதனை லேப். ஒரு வாய் காபிகூட இறங்காத வயிறு. முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையை இறுக்கிக்கொண்டே இப்படிக் கேட்டவள் பவித்ரா. ஐந்து வருடத்துக்கு முன் என்னிடம் பிளஸ் டூ கெமிஸ்ட்ரி படித்த பெண். அன்று அவள் பேப்பரில் நான் சிவப்பு மையால் கோடு போட்டேன். இன்று அவள் என்னிடமிருந்து அதே நிறத்தை எடுத்துக்கொண்டிருக்கிறாள்!

"சத்தியமா இல்லம்மா" என்றேன்.

அவள் நம்பவில்லை. ஊசி குத்துவதற்கு முன் ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள்... அது என் பார்வை. காப்பியடித்தவர்களுக்கென்றே நான் தனியாக வைத்திருந்தது.

ஏன் நம்பவில்லை? சொல்கிறேன்.

நான் எடையைக் குறைக்க ஆபரேஷன் செய்துகொண்டவள் என்பது இந்தப் பக்கத்தை வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். வயிற்றில் பெரும்பகுதியை எடுத்துவிட்டு, வாழைப்பழம் அளவுக்கு மிச்சம் வைப்பார்கள். ஒன்றேகால் வருடம் ஆகிறது.

அம்மாவுக்கு அதில் துளிகூடச் சம்மதம் இல்லை. "நல்லா இருக்குற வயித்த ஏண்டி அறுக்கணும்? நாலு கரண்டி சோத்தைக் குறைச்சா போதாதா?"

நாலு கரண்டியும் குறைத்துப் பார்த்தாயிற்று, எட்டு கரண்டியும் குறைத்துப் பார்த்தாயிற்று. இருபத்தொன்பது வயதில் சர்க்கரை வந்து உட்கார்ந்ததுதான் மிச்சம். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அந்தத் தெம்பில், "படிச்சவ நான் சொல்றேன், ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டுத்தான் ஆபரேஷனுக்குக் கிளம்பினேன்.

படிச்சவ! அந்த வார்த்தைதான் பின்னால் என்னைப் படுத்தி எடுத்தது.

ஆபரேஷனுக்கு முன்னால் தஞ்சாவூரில் ஏழு ட்யூப் ரத்தம் எடுத்தார்கள். சர்க்கரை, தைராய்டு, கொழுப்பு, ஈரல், இரும்பு, வைட்டமின் என்று ஒன்று பாக்கியில்லை. வயிறு சின்னதானால் உடம்புக்குச் சேரும் சத்தும் குறையும், அதனால் முன்னாலும் பார்க்க வேண்டும், பின்னாலும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றார் டாக்டர்.

ரிப்போர்ட்டை முதலில் கையில் வாங்கியவர் அப்பா. குத்தகை நிலத்தில் நெல் போடுகிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் என் மார்க் ஷீட் ஒன்று விடாமல் லேமினேட் செய்து பெட்டியில் அடுக்கி வைத்திருப்பவர். ரிப்போர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"ஏம்மா, சில நம்பரை மட்டும் தடிப்பா போட்டிருக்கே... அதெல்லாம் ஃபர்ஸ்ட் கிளாஸா?"

ஒன்பது இடத்தில் தடித்த எழுத்து.

"இல்லப்பா. அதெல்லாம் ஃபெயில்."

அப்பா அதை அப்படியே மடித்து வைத்தார். லேமினேஷன் கடைப் பக்கம் போகவில்லை. சர்க்கரை இறங்கட்டும் என்று டாக்டர் ஆபரேஷனை ஆறு வாரம் தள்ளிப்போட்டதில் அம்மாவுக்கு மட்டும் ஏக நிம்மதி.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் மூன்று பேருக்கும் ரிப்போர்ட் படிக்கத் தெரியும். தடித்திருந்தால் தப்பு. இதற்கு இங்கிலீஷ் எதற்கு?

ஆபரேஷன் முடிந்து ஆறாவது மாதம் வந்த ரிப்போர்ட்டில் ஒரு தடித்த எழுத்துகூட இல்லை. சர்க்கரை மாத்திரை நின்றது. எடை முப்பத்திரண்டு கிலோ குறைந்திருந்தது. அப்பா அன்று சாயங்காலமே மொபெட்டை எடுத்துக்கொண்டு போய் அதை லேமினேட் செய்துவந்தார். அம்மா அதை ஒரு தடவு தடவிவிட்டு, "அடுத்ததும் இப்புடியே வரட்டும், பாக்கலாம்" என்றாள்.

சவால்!

அரைப்பரீட்சையில் நல்ல மார்க் வாங்கிய பையன் அடுத்து என்ன செய்வான்? புத்தகத்தை மூடுவான். நான் மாத்திரை டப்பாவை மூடினேன். இரும்பு மாத்திரை போட்டால் நாள் முழுக்க நாக்கில் ஆணி வைத்த மாதிரி இருக்கும். அதற்கும் கால்சியம் மாத்திரைக்கும் நடுவில் இரண்டு மணி நேரம் இடைவெளி வேறு விட வேண்டும். காலை பஸ், கிளாஸ், ஸ்பெஷல் கிளாஸ்... இதில் மாத்திரைக்கு ஒரு டைம்டேபிளா? உடம்புதான் ஜம்மென்று இருக்கிறதே!

இருந்தது. பள்ளிக்கூட மாடிப்படியில் பாதியில் நின்று மூச்சு வாங்கியதையும், சீப்போடு கொத்தாக முடி வந்ததையும் சேர்க்காவிட்டால்.

வருடப் பரிசோதனைக்குப் பதினைந்து நாள் இருக்கும்போது பயம் பிடித்தது. ஒரே ஒரு தடித்த எழுத்து போதும், அம்மா ஜெயித்துவிடுவாள். ஆபரேஷனே தப்பு என்று ஆகிவிடும். 'படிச்சவ' வாயை மூடிக்கொள்ள வேண்டியதுதான். வருடம் பூராவும் "கடைசி நேரத்துல படிக்காதீங்க" என்று தொண்டை வறளக் கத்துகிற இந்த டீச்சர் என்ன செய்தாள் தெரியுமா? பதினைந்து நாளும் விடாமல் இரும்பு மாத்திரை. பேரீச்சம்பழம். முருங்கைக்கீரை. டாக்டரின் பழைய மருந்துச் சீட்டைத் தேடி எடுத்துப் போய், பரிசோதனைக்கு முந்தின நாள் ஒரு பி ட்வெல்வ் ஊசி!

ரத்தம் கொடுத்த அன்று சாயங்காலம் லேபிலிருந்து பவித்ரா போன் செய்தாள்.

"மிஸ், பி ட்வெல்வ் ஊசி எப்ப போட்டீங்க?"

"ஏம்மா?"

"மிஷின் அளக்குற எல்லையைத் தாண்டி நிக்குது, நம்பரே விழல. அதான் கேட்டேன்."

"நேத்து..."

"நெனச்சேன். ரத்தத்துல ஓடுற இரும்பும் சரியா இருக்கு. ஆனா உடம்புல சேத்து வெச்ச இரும்புன்னு ஒண்ணு பாப்போம், ஃபெரிட்டின். அது வெறும் ஏழு மிஸ். பதினஞ்சு நாள்ல அதை ஏத்த முடியாது. மாத்திரையை எப்ப விட்டீங்க?"

நான் மாத்திரை டப்பாவைத் திரும்பிப் பார்த்தேன்.

"ஊசி போட்டதை டாக்டர்கிட்ட சொல்லிடுங்க மிஸ். இதைப் பாத்துட்டு, பி ட்வெல்வ் நிறைய இருக்குன்னு அவரு நிறுத்திட்டா? கால் மரத்துப்போனாதான் தெரியவரும்."

அப்போது நான் கேட்டதை எழுதும்போதுகூடக் காது சூடாகிறது.

"டாக்டர்கிட்ட எல்லாத்தையும் சொல்லிடுறேன் பவித்ரா. ஆனா வீட்டுக்குக் காட்டுற ரிப்போர்ட்ல... அந்த ஒரு நம்பரை மட்டும் தடிக்காம போட முடியுமா?"



"மிஸ், பிளஸ் ஒன் காலாண்டுல எனக்கு முப்பத்துநாலு. ஒரே ஒரு மார்க் போடுங்க மிஸ், வீட்ல கொன்னுடுவாங்கன்னு ஸ்டாஃப் ரூம் வாசல்ல நின்னேன். ஞாபகம் இருக்கா?"

இருந்தது.

"போட்டேனா?"

"போடல மிஸ்."

ரிப்போர்ட் தடித்த எழுத்தோடுதான் வந்தது.

வீட்டில் அப்பா மொபெட் சாவியோடு காத்திருந்தார். அம்மா நடவிலிருந்து வந்து அப்போதுதான் கால் சேற்றைக் கழுவியிருந்தாள். ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ரிப்போர்ட்டை வாங்கினாள். விரல் ஒவ்வொரு வரியாக இறங்கிவந்தது. கடைசிப் பக்கத்தில் நின்றது.

"இது என்னடி?"

"இரும்பு. ஆபரேஷன்ல தப்பில்லம்மா. மாத்திரையை நான்தான் விட்டுட்டேன். அஞ்சு மாசமா."

'அன்னைக்கே சொன்னேனே' வரும் என்று தலையைக் குனிந்துகொண்டேன்.

"நட்டுட்டு கரையேறிட்டா வேலை முடிஞ்சிருச்சா? களை எடுக்கணும், உரம் வெக்கணும், தண்ணி பாக்கணும். இது தெரியாமத்தான் போயி அறுத்துக்கிட்டு வந்தியா? படிச்சவளாம், படிச்சவ!"

அவ்வளவுதான். ஆபரேஷன் தப்பு என்று ஒரு வார்த்தை இல்லை! ஒரு வருடமாக நான் யாரோடு வாதாடிக்கொண்டிருந்தேன்? அம்மா அதை எப்போதோ நட்டு முடித்த பயிராக எடுத்துக்கொண்டுவிட்டாள். நான்தான் இன்னும் வரப்பில் நின்று வழக்குப் பேசிக்கொண்டிருந்திருக்கிறேன்.

டாக்டரிடம் ஊசி முதல் பேரீச்சம்பழம் வரை எல்லாவற்றையும் ஒப்பித்தேன். மூன்று மாதம் ஒழுங்காக மாத்திரை போட வேண்டும், அப்போதும் ஏறாவிட்டால் ட்ரிப்ஸில்தான் இரும்பு ஏற்ற வேண்டும் என்றார்.

மறுநாளிலிருந்து அம்மா வயலுக்குக் கிளம்புமுன் மாத்திரையை என் உள்ளங்கையில் வைப்பாள். நான் விழுங்கும்வரை நிற்பாள். "வாயைத் தொற" என்று பார்த்துவிட்டுத்தான் போவாள். பரீட்சை ஹாலுக்கு வரும் பறக்கும் படை பிச்சை வாங்க வேண்டும்!

உடம்பு ஒரு விசித்திரமான வாத்தியார். பரீட்சைக்கு முன்னால் விழுந்து விழுந்து படித்ததை அது கண்டுகொள்வதே இல்லை. பரீட்சை இல்லாத நாளில் என்ன செய்தாய் என்று மட்டும்தான் கேட்கிறது.

போன சனிக்கிழமைக்கு வருகிறேன். சாயங்காலம் போன் வந்தது.

"ஃபெரிட்டின் இருபத்தொன்பது. ஒரு இடத்துலயும் தடிப்பு இல்ல. பாஸ் மிஸ்!" பவித்ரா சிரித்தாள். "சொந்த மார்க்கு."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், அப்பாவையும் காணோம், மொபெட்டையும் காணோம்.

லேபுக்குப் போய்விட்டுத் திரும்பி வந்தவர் கையில் இரண்டு லேமினேஷன். ஒன்று புது ரிப்போர்ட். இன்னொன்று, மூன்று மாதத்துக்கு முன்னால் ஃபெயிலானது.

"இதை எதுக்குப்பா போட்டீங்க?"

பதில் அடுப்படியிலிருந்து வந்தது.

"நான்தான் போடச் சொன்னேன். மாத்திரை டப்பாக்கு மேல மாட்டணும்."