பகலில் எரியாத பதினோரு விளக்குகள்

அடுகோடியில் எங்கள் லைன் வீடுகளுக்கு வெளிச்சம் பாஞ்சாலி அக்கா கையில்தான் இருந்தது. சாயங்காலம் ஆறு மணிக்கு ரீடிங் ரூம் சுவரிலுள்ள இரும்புப் பெட்டியைத் திறந்து சுவிட்சை மேலே தள்ளுவார். பதினோரு கம்பங்களிலும் டியூப் லைட் கண் சிமிட்டி எரியும். காலை ஆறு மணிக்குக் கீழே இழுப்பார். தெருவிளக்கு கான்ட்ராக்டில் முதலில் அவர் புருஷன்தான் இருந்தார். அந்த ஆள் ஹெப்பகோடியில் வேறொரு குடும்பம் பார்த்துக்கொண்டு போனபோது வேலையும் மூங்கில் ஏணியும் அக்காவிடம் தங்கிவிட்டன.

"போறப்ப ஏணிய வுட்டுட்டுப் போனான் பாரு, அந்த மட்டும் நல்லவன்" என்பார்.

லைன் பசங்களான எங்களுக்கும் அவருக்கும் தீராத வழக்கு ஒன்று உண்டு. டியூபைப் பட்டியிலிருந்து கழற்றவே வேண்டாம். கால் சுற்று திருப்பினால் போதும், அணைந்துவிடும். நாங்கள் கம்பத்தில் ஏறித் திருப்பிவிட்டு, இருட்டில் உட்கார்ந்து போகிறவர் வருகிறவரைப் பேய் மாதிரி கூப்பிடுவோம். அக்கா எங்கள் ஏழு தலைமுறையையும் திட்டிக்கொண்டே ஏணி போட்டு ஏறித் திருப்பி எரியவைப்பார்.

2004ஆம் வருஷம் அவர் மகள் லாவண்யாவுக்கு எஸ்.எஸ்.எல்.சி. ரிசல்ட் வந்தது. நெட்டில் பார்க்க வேண்டுமென்றால் எங்கள் வார்டு கார்ப்பரேட்டர் கிருஷ்ணப்பாவின் காம்ப்ளக்ஸ்தான். அங்கே அவர் மச்சான் சைபர் கஃபே வைத்திருந்தார். லைன் வீட்டுக்காரர்களை வாட்ச்மேன் படியிலேயே நிறுத்திவிட்டான். நம்பரைச் சீட்டில் எழுதி உள்ளே அனுப்பினார்கள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து ஒரு குரல், "பெயில்" என்றது. லாவண்யா ஒரு நாள் முழுக்கச் சோறு தொடவில்லை. மறுநாள் பள்ளிக்கூட போர்டில் பார்த்தால் பாஸ், அதுவும் பர்ஸ்ட் கிளாஸ். உள்ளே இருந்தவன் ஒரு நம்பரை மாற்றி அடித்திருந்தான்.

அக்கா சண்டைக்குப் போவார், வேடிக்கை பார்க்கலாம் என்று நாங்கள் காத்திருந்தோம். போகவில்லை. "இனிமே நம்ம நம்பர நாமளே அடிச்சிப் பாக்கணும்" என்று மட்டும் சொன்னார்.

2006 ஆரம்பத்தில் ஊர் முழுக்க வயரில்லாத இலவச நெட் கொடுக்கப்போவதாக ஒரு திட்டம் வந்தது. முதலில் சில வார்டுகளில் சோதனை. மக்கள் கேட்கும் இடத்தில் விளக்குக் கம்பத்தில் நெட் பெட்டி மாட்டுவார்களாம். ரீடிங் ரூமில் யாரோ தானமாகக் கொடுத்த இரண்டு கம்ப்யூட்டர்கள் துணி போர்த்தித் தூங்கிக்கொண்டிருந்தன. அக்கா வீடு வீடாகப் போய்க் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினார். ரீடிங் ரூம் எதிரில் உள்ள கம்பத்துக்கே பெட்டி வந்தது.

அதை மாட்ட வந்த கம்பெனி இன்ஜினியர் ஹரிஷிடம் அக்கா கீழேயிருந்து கேட்டார்.

"சார், இதுக்குக் கரண்ட் எங்கிருந்து எடுக்கறீங்க?"

"கம்பத்துல இருந்துதான்மா."

"கம்பத்துல பகல்ல கரண்ட் இருக்காதே. நான் ஆறு மணிக்குத்தான போடுவேன்."

"அதெல்லாம் பிளான்ல பாத்துட்டாங்கம்மா."

பிளான் போட்டவர் தெருவிளக்கை எப்போதும் ராத்திரியில்தான் பார்த்திருப்பார் போல. திறப்பு விழா காலை பதினோரு மணிக்கு. கிருஷ்ணப்பா தேங்காய் உடைத்தார், எல்லோரும் பெட்டியைப் பார்த்தோம், பெட்டி எங்களைப் பார்த்தது. பச்சை விளக்கு வரவில்லை. கடைசியில் அக்காவைக் கூப்பிட்டு சுவிட்சைப் போடச் சொன்னார்கள். பச்சை விளக்கு வந்தது. கூடவே பதினோரு டியூபும் உச்சி வெயிலில் எரிந்தன. கைதட்டினோம். மத்தியானமே மேலதிகாரி ஒருவர் ஜீப்பில் வந்து கத்தினார். "பகல்ல ஒரே ஒரு லைட் எரிஞ்சாலும் உன் வேல காலி."

சுவிட்ச் கீழே இறங்கியது. ரீடிங் ரூம் ஐந்து மணிக்கு மூடும். நெட் ஆறு மணிக்கு விழிக்கும். ரீடிங் ரூம் மீட்டரிலிருந்து ஒரு வயர் இழுக்கலாமே என்றால், அது வேறு டிபார்ட்மென்ட், கடிதம் போட்டு மாதக் கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றார் ஹரிஷ். அதற்குள் பதினைந்து நாள் பார்ப்பார்களாம். பெட்டியை யாரும் உபயோகிக்கவில்லை என்று ரெக்கார்டில் வந்தால், உபயோகமுள்ள இடத்துக்கு மாற்றிவிடுவார்களாம்.

உபயோகமுள்ள இடம் எது என்று கிருஷ்ணப்பாவுக்கு முன்பே தெரிந்திருந்தது. கன்னடம் கலந்த தமிழில் சொன்னார். "ஏனம்மா பாஞ்சாலி, சும்னே எதுக்குக் கஷ்டம்? என் காம்ப்ளக்ஸ்ல இருபத்து நாலு மணி நேரமும் கரண்ட் இருக்கு. அங்க வெச்சா உங்க ஜனங்களும் வந்து பாத்துக்கலாம்ல?"

"படியில நின்னா அண்ணா?" என்று கேட்டார் அக்கா. அவர் சிரித்துக்கொண்டே காரில் ஏறினார்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு அக்கா சுவிட்சைக் கீழே இழுத்தார். ஏணியைத் தோளில் போட்டு முதல் கம்பத்தில் ஏறினார். டியூபைக் கால் சுற்று திருப்பினார். இறங்கினார். அடுத்த கம்பம். பதினொன்றும் முடிந்ததும் வந்து சுவிட்சை மேலே தள்ளினார். ஒரு டியூபும் எரியவில்லை. பெட்டியில் பச்சை விளக்கு வந்தது. சாயங்காலம் மறுபடி சுவிட்சை அணைத்து, பதினோரு முறை ஏறி, திருப்பிய டியூபையெல்லாம் நேராக்கி, தெருவுக்கு வெளிச்சம் போட்டார். வித்தை எங்களுடையது. ஒரு வார்த்தை நன்றி சொல்லவில்லை.

பதினைந்து நாளும் இதுதான். முழங்கால் வீங்கியது, துணி கட்டிக்கொண்டு ஏறினார். மழை பெய்த அன்று ஏணிக்கடியில் சாக்குப் போட்டு ஏறினார். சில காலைகளில் அவர் வரும்போதே கடைசி நான்கு கம்பங்களில் டியூப் திரும்பியிருந்தது. யார் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லப்போவதில்லை.

ரீடிங் ரூமில் கூட்டம் சேர்ந்தது. பதினாறாம் நாள் ஹரிஷ் லேப்டாப்போடு வந்தார். பின்னாலேயே கிருஷ்ணப்பாவும், அன்று ஜீப்பில் வந்து கத்திய விளக்கு அதிகாரியும். ரெக்கார்டைப் பார்த்த ஹரிஷ் முகம் குழம்பியது. காலை பத்திலிருந்து ஐந்து வரை ஒரு நிமிஷம்கூட சும்மா இல்லை. அதிகாரி இரும்புப் பெட்டியைத் திறந்து பார்த்தார்.

"சுவிட்ச் ஆன்ல இருக்கு. பகல்ல போடக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா?"

"லைட் எரியக் கூடாதுன்னு சொன்னீங்க சார். எது எரியுதுன்னு காட்டுங்க."

அதிகாரி தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அண்ணாந்து பார்த்தார். கிருஷ்ணப்பாவும் பார்த்தார். ஹரிஷ் பார்த்தது அக்காவின் முழங்காலில் கட்டியிருந்த துணியை. பிறகு லேப்டாப்பை மூடி, "பெட்டி இங்கயே இருக்கட்டும்" என்றார். மீட்டர் வயருக்கான கடிதத்தை அங்கேயே நின்று எழுதினார்.

ஆனாலும் அதிகாரி அக்காவுக்கு ஒரு மெமோ கொடுத்தார், அனுமதியில்லாமல் கம்பத்தில் ஏறியதற்கு. விளக்கு போடுகிறவருக்கு.

கடிதத்துக்குப் பதில் ஜூனில்தான் வந்தது. அதுவரை ஏணி இறங்கவில்லை. மே மாதம் லாவண்யாவின் பன்னிரண்டாவது, அதாவது பி.யு.சி., ரிசல்ட் வந்த காலையில் அக்கா பதினோரு கம்பத்தையும் முடித்துவிட்டு, ஏணியோடு ரீடிங் ரூம் வாசலில் வந்து நின்றார். உள்ளே லாவண்யா தன் நம்பரைத் தானே அடித்தாள். திரும்பாமல் மறுபடி ஒரு தரம் அடித்தாள்.

"இன்னாடி போட்டிருக்கு?"

"அக்கவுண்டன்சி போச்சும்மா."

"நம்பர் சரியா அடிச்சியா?"

"ரெண்டு தரம் அடிச்சேன்."

"பேரு?"

"என் பேருதான்."

அக்கா ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே போய், மகள் பக்கத்தில் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி வுடு. இது நம்ம பெயிலு. மறுபடி எப்ப எழுதணும்னு அதுலயே தேடு."

லாவண்யா மூக்கைத் துடைத்துக்கொண்டு தேட ஆரம்பித்தாள்.