பந்தின் மேல் உட்கார்ந்த லாமர்ட்

ஒன்பது வருடம் லாமர்ட் டைக்கெமாவின் முதுகைப் பார்த்துக்கொண்டே ஆடியவன் நான். கோல்கீப்பரின் பிழைப்பு அப்படித்தான். கோல் அடிப்பவர்களின் முகத்தை ஊர் பார்க்கும். தடுப்பவனின் முதுகை நான் ஒருவன்தான் பார்ப்பேன். மழையில் நனைந்து ஒட்டிப்போன சட்டை, அகலமான தோள், கொஞ்சம் வளைந்த கால்கள். அந்த முதுகு எனக்கும் எதிரிக்கும் நடுவில் இருக்கிறவரை எனக்குப் பயம் கிடையாது.

நாங்கள் ஓஸ்டர்வேன் ஊர்க்காரர்கள், யாரையும் லேசில் புகழ மாட்டோம். ஒருவன் பிரமாதமாக ஆடினால் "மோசமில்லை" என்போம். லாமர்ட்டைப் பற்றி மட்டும் "மோசமே இல்லை" என்று சொல்வது வழக்கம். அதற்கு மேல் எங்கள் ஊர்ப் பேச்சில் வார்த்தை கிடையாது.

அவன் அப்பாவும் அண்ணன் கோஸும் உருளைக்கிழங்கு மாவு ஆலையில் வேலை பார்த்தார்கள். லாமர்ட்டும் பதினாறு வயதில் அங்கேயே சேர்ந்தான். காலையில் மூட்டை தூக்குவான், மாலையில் பயிற்சிக்கு வருவான். நாங்கள் இரண்டாம் பிரிவு அணி. ஆட்டத்தை மட்டும் நம்பி யாராலும் வாழ முடியாது. நான் தபால் ஆபீசில் இருந்தேன். அறுவடைக் காலத்தில் ஆலையின் புளித்த வாடை மைதானம் வரைக்கும் வரும். வெளியூர் அணிகள் மூக்கைப் பிடித்துக்கொள்ளும். "இந்த வாடைக்கே எங்களுக்கு ஒரு கோல் தரணும்" என்பான் லாமர்ட்.

அவனுக்கு வேகம் கிடையாது. உயரமும் பெரிதாகச் சொல்வதற்கில்லை. ஆனால் ஒருவனை அவன் பொறுப்பில் விட்டால், அந்த ஆள் கழிப்பறைக்குப் போனாலும் லாமர்ட் வாசலில் நிற்பான் என்று எங்கள் பயிற்சியாளர் சொல்வார். அந்தக் காலத்தில் ஆளுக்கு ஆள் காவல். எதிரணியின் ஆபத்தான ஆட்டக்காரன் யாரோ, அவன் லாமர்ட்டின் ஆள். இருபத்தாறு வயதில் கேப்டன் பட்டையும் அவன் கைக்கு வந்தது.

அப்படித்தான் எரோல் பினாஸ் அவன் ஆளாக வந்தான்.

எரோல் கறுப்பினப் பையன். தென் அமெரிக்காவில் இருக்கும் சுரினாமில் பிறந்து, சின்ன வயதில் தாயோடு எங்கள் நாட்டின் மேற்குப் பக்கம் வந்து குடியேறியவன். இருபத்தோரு வயது. தெற்கிலிருந்து வந்த ஓர் அணியின் வலப்பக்க ஆட்டக்காரன். அன்று எங்கள் மைதானம் நிறைந்திருந்தது. முதல் பாதியில் அந்தப் பையன் லாமர்ட்டைப் படுத்திய பாட்டை என் கண்ணால் பார்த்தேன். ஒருமுறை பந்தை அவன் கால்களுக்கு இடையில் தள்ளி, சுற்றிப் போய் எடுத்துக்கொண்டான். இன்னொரு முறை நின்ற இடத்திலேயே தோளை மட்டும் ஆட்டினான். லாமர்ட் வழுக்கி உட்கார்ந்துவிட்டான். எங்கள் ஆட்களே சிரித்தார்கள்.

இடைவேளையில் நான் கேட்டேன்: "என்னடா, பாலே நடனம் பழகுறியா?"

"மூடுடா" என்றான் லாமர்ட். கொஞ்ச நேரம் கழித்து, தேநீரை ஊதிக்கொண்டே, "ஆனா பையன் பயங்கரமா ஆடுறான், மென்னோ. இவனைப் பிடிச்சுட்டா நான் பெரிய ஆளு" என்றான். அவன் கண் மின்னியது.

இரண்டாம் பாதி தொடங்கியதும், எங்கள் ரசிகர்கள் நிற்கும் கிழக்குப் பக்கத்து மரப்படிகளிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. குரங்குச் சத்தம். எரோல் பந்தைத் தொடும்போதெல்லாம் வந்தது. முதலில் நாலைந்து பேர். பிறகு வரிசை வரிசையாக. அங்கே நின்றவர்கள் எல்லாரும் ஆலைக்காரர்கள். லாமர்ட்டோடு மூட்டை தூக்குகிறவர்கள். அவன் அண்ணன் கோஸ் நிற்கும் இடமும் அதுதான்.

பந்து வந்தது, எரோல் ஓடினான். இந்தமுறை லாமர்ட் சரியான நேரத்தில் சறுக்கிக்கொண்டு போய், காலைத் தொடாமல் பந்தை மட்டும் பறித்தான். சுத்தமான வேலை. அன்றைக்கு முதல் வெற்றி அவனுக்கு. எரோல் தடுமாறி விழுந்தான். கைதட்டல் எழுந்தது, அதோடு சேர்ந்து அந்தச் சத்தமும் எழுந்தது, முன்னைவிடப் பலமாக. யாரோ ஒரு வாழைப்பழத் தோலை வீசினார்கள். அது எரோலின் முழங்கால் பக்கத்தில் விழுந்தது.

லாமர்ட் குனிந்து பந்தைக் கையில் எடுத்தான். நடுவர் விசில் ஊதினார். லாமர்ட் கிழக்குப் படிகளுக்கு நேரே நடந்து போய், கோட்டுக்குப் பக்கத்தில் பந்தை வைத்து, அதன் மேல் உட்கார்ந்துவிட்டான்.

நடுவர் ஓடி வந்தார். "டைக்கெமா, எழுந்திரு!"

"கையால தொட்டுட்டேன் சார். ஃப்ரீ கிக் அவங்களுக்குத்தான், தெரியும். ஆனா பந்து இப்போ வராது."

மஞ்சள் அட்டை காட்டினார். லாமர்ட் தலையாட்டினான், எழவில்லை.

இப்போது சொந்த ஊரே அவனைப் பார்த்துக் கூச்சல் போட்டது. ஆலையில் அவனுக்குப் பக்கத்து மேடையில் வேலை பார்க்கும் கேர்ட் கம்பியைப் பிடித்துக்கொண்டு கத்தினான்: "ஏய் லாமர்ட், நீ எந்தக் கட்சிடா?"

லாமர்ட்டுக்குக் குரல் பெரிது. எனக்கே கேட்டது. "தொண்ணூறு நிமிஷம் அவன் என் ஆளு, கேர்ட். அவனை உதைக்கிறதா இருந்தாலும் நான்தான் உதைப்பேன். நீங்க யாரும் அவன் மேல கை வைக்கக் கூடாது. வாயும் வைக்கக் கூடாது!"

நான் கோலைவிட்டு நடந்து போனேன். வேறு என்ன செய்வது? கையுறைகளைக் கழற்றி அவன் பக்கத்தில் போட்டு, அதன் மேல் உட்கார்ந்தேன். புல் ஐஸாக இருந்தது. "ரொம்ப நேரம் ஆகுமாடா?" என்று கேட்டேன்.

"அது அவங்க கையில இருக்கு" என்றான்.

சத்தம் எப்படி அடங்கியது என்பதைக் கோஸ் பிற்பாடு எங்களுக்குச் சொன்னான். பக்கத்தில் இருந்தவர்களை அவன்தான் அதட்டியிருக்கிறான்: "டேய், வாயை மூடுங்கடா. உங்களுக்கு அவனைத் தெரியாது. சின்ன வயசுல கீரை சாப்பிட மாட்டேன்னு ராத்திரி முழுக்க மேசையிலேயே உட்கார்ந்திருந்தான். கடைசியில எங்க அம்மாதான் தோத்துப்போனா. இவன் எழுந்திருக்கவே மாட்டான்!" முதலில் ஒருவன் சிரித்திருக்கிறான். பிறகு இன்னொருவன். அந்த வரிசை அடங்கியது, அடுத்த வரிசையும் அடங்கியது. கடைசியில் கொடி படபடக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

லாமர்ட் எழுந்து, பந்தைத் துடைத்து, எரோலிடம் கொடுத்தான்.

எரோல் வாங்கிக்கொண்டு சொன்னான்: "இதுக்காக உன்னை விட்டுடுவேன்னு நினைக்காதே. திரும்பவும் தாண்டிப் போவேன்."

"போ பாக்கலாம்" என்றான் லாமர்ட்.

போனான். கடைசிக் கட்டத்தில் எரோல் அடித்த பந்து என் விரல் நுனியைத் தொட்டு வலைக்குள் விழுந்தது. தோற்றோம். ஆனால் அந்தக் கடைசி நேரத்தில் லாமர்ட் ஆடிய ஆட்டம் இருக்கிறதே, அவன் வாழ்க்கையிலேயே அதுதான் சிறந்தது என்பேன். நான்கு முறை அவன் எரோலைத் தடுத்தான், எரோல் ஐந்தாவது முறை ஜெயித்தான். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை எங்கள் கால்பந்துச் சங்கத் தலைவர் ஸ்கோல்ட்டன்ஸ் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். ஆலையில் பங்கு உள்ள மனிதர். "சொந்த ரசிகர்களை ஊர் முன்னால அவமானப்படுத்திட்டே" என்றார்.

"அவங்களே அதைச் செஞ்சுக்கிட்டாங்க, ஐயா. நான் சும்மா உட்கார்ந்தேன்" என்றான் லாமர்ட்.

கேப்டன் பட்டையைப் பிடுங்கி என்னிடம் கொடுத்தார். நாணயம் சுண்டப் போகும்போதெல்லாம் நான் மைதானத்தின் நடுவிலிருந்து திரும்பி, "லாமர்ட், தலையா பூவா?" என்று கத்துவேன். அவன் சொன்னதைத்தான் நடுவரிடம் சொல்வேன். உண்மையான கேப்டன் யாரென்று இரண்டு ஆட்டத்துக்குள் ஊருக்கே புரிந்துவிட்டது.

ஆலையில் லாமர்ட் உடுப்பு வைக்கும் பெட்டிக்குள் யாரோ வாழைப்பழம் வைத்தார்கள். லாமர்ட் அதை மதியச் சாப்பாட்டு நேரத்தில் எல்லார் முன்னாலும் உரித்துத் தின்றுவிட்டு, "நல்லா பழுத்திருக்கு. நாளைக்கும் வைங்க" என்றான். மறுநாளும் இருந்தது. தின்றான். அந்த வாரக் கடைசியில் பழம் நின்றுபோனது. பதிலாக ஒரு பொட்டலம் சூடான முட்டையுருண்டை இருந்தது, அவித்த முட்டையைப் பொதிந்து பொரித்த எங்கள் ஊர்ப் பலகாரம். கேர்ட் வைத்தது. இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் மன்னிப்புக் கேட்பது அப்படித்தான்.

அடுத்த கோடையில் எரோல் பினாஸ் எங்கள் அணியில் சேர்ந்தான். பெரிய அணிகள் இரண்டு அவனைக் கேட்டிருந்தன. பத்திரிகைக்காரர் காரணம் கேட்டபோது, "லாமர்ட்டோட முழங்கை எனக்கு எதிர்ப்பக்கம் இருக்கிறது ஆபத்து. என் பக்கம் இருக்கட்டும்" என்றான். முதல் பயிற்சி நாளில் லாமர்ட் அவனை வீட்டுக்குக் கூட்டிப்போனான். லாமர்ட்டின் மனைவி ஃபென்னா பட்டாணி சூப்பு வைத்திருந்தாள், கரண்டி நிமிர்ந்து நிற்கிற கெட்டி. எரோல் ஒரு வாய் குடித்துவிட்டுக் கேட்டான்: "வீட்டுல மிளகாய் ஏதாவது இருக்கா?"

"இங்க மிளகே பண்டிகைக்குத்தான்" என்றாள் ஃபென்னா. அடுத்த வாரம் ரயிலில் அவன் அம்மா ஒரு ஜாடி மிளகாய்த் துவையல் அனுப்பினாள். லாமர்ட் அதைத் தின்று அழுததை ஃபென்னா இன்றைக்கும் சொல்வாள்.

அந்த வருடம் ஆட்டக்காரர்கள் எல்லாரும் கை தூக்கி லாமர்ட்டுக்கே பட்டையைத் திருப்பிக் கொடுத்தோம். ஸ்கோல்ட்டன்ஸ் தரையைப் பார்த்தார். அடுத்த மே மாதத்தில் நாங்கள் முதல் பிரிவுக்கு உயர்ந்தோம். எரோல் அடித்தான், லாமர்ட் தடுத்தான். கடைசி ஆட்டம் முடிந்ததும் கிழக்குப் படிகளிலிருந்து எல்லாரும் வேலியைத் தாண்டிக் குதித்து வந்து எரோலைத் தோளில் தூக்கினார்கள். தூக்கியவர்களில் ஒருவன் கேர்ட்.

முப்பது வயதில் லாமர்ட்டை நாட்டு அணிக்கு அழைத்தார்கள். ஒரே ஒரு முறை. வெளிநாட்டில் ஒரு நட்பு ஆட்டம். காபிக் கடைத் தொலைக்காட்சி முன்னால் ஊரே நெருக்கியடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஆட்டம் முடியப் போகும் நேரத்தில்தான் இறக்கினார்கள். நாட்டு அணியின் ஆரஞ்சு சட்டையில் அந்த முதுகைத் திரையில் பார்த்தபோது கோஸ் எழுந்து நின்றான், தொப்பியைக் கழற்றினான். பின்னால் இருந்தவர்கள் "உட்காருடா, மறைக்குது" என்று கத்தினார்கள். அவன் உட்காரவில்லை. அந்தக் குடும்பத்துக்கே பிடிவாதம்.

முப்பத்து நான்கில் முழங்கால் கைவிட்டது. அந்த வருடம் ஆலையும் ஆட்களைக் குறைத்தது. லாமர்ட் கால்வாய்ப் பாலத்துக் காவலராகச் சேர்ந்தான். படகு வந்தால் பாலத்தைத் தூக்குவான், வண்டிகளை நிறுத்துவான். "இன்னும் யாரையும் தாண்டவிட மாட்டேங்கிறியே!" என்று சைக்கிள்காரர்கள் சீண்டுவார்கள். சனிக்கிழமைகளில் பெண் குழந்தைகள் அணிக்குப் பயிற்சி கொடுத்தான். ஊரில் முதன்முதலில் அதை ஆரம்பித்தவன் அவன்தான்.

போன ஏப்ரலில், மன்னர் பிறந்தநாளுக்கு முந்தைய தினம், ஃபென்னா அவனிடம் பொய் சொல்லி நகரமன்றத்துக்குக் கூட்டி வந்தாள். ஓட்டுநர் உரிமத்தில் ஏதோ தகராறு என்றாள். தோட்டத்துப் பேன்ட்டோடு, பொருமிக்கொண்டே வந்தான். கதவைத் திறந்தால் உள்ளே நாங்கள் எல்லாரும். எரோல் மேற்கிலிருந்து மனைவியோடு வந்திருந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. ஊருக்கு உழைத்தவர்களுக்கு மன்னர் பெயரில் தரும் அரச பதக்கத்தை மேயரம்மா லாமர்ட்டின் சட்டையில் குத்தினார். கிழக்குப் படிகளுக்கு முன்னால் உட்கார்ந்த நாளைப் பற்றியும் பேசினார்.

"ஏதாவது சொல்லுங்க, டைக்கெமா அவர்களே" என்றார்.

லாமர்ட் தொண்டையைச் செருமினான். "உரிமத்துல தகராறு இல்லையே?" என்று மட்டும் கேட்டான்.

மறுநாள் காலை ரொட்டிக் கடை வரிசையில் அவனைப் பார்த்தேன். மழைக்கோட்டின் மேல் பதக்கம் மின்னியது. ஃபென்னா அவன் காதில், "கழட்டேன், ஊர் சிரிக்கும்" என்று கிசுகிசுத்தாள்.

"சிரிக்கட்டுமே" என்றான் லாமர்ட், கடைக்கே கேட்கும்படி. "பெருமையா இருக்கு. அதுக்கென்ன இப்போ?"

யாரும் சிரிக்கவில்லை. ரொட்டிக்காரர் அவனை முன்னால் வரச் சொன்னார், அவன் போனான்.