நார்மல் என்று எழுதியவன்

காலை ஷிப்டுக்குத் தொழிற்சாலை வாசலில் பைக்கை நிறுத்துவதற்குள் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "இன்னாபா, நாஷ்டா துன்னியா?" பத்து வருடமாகக் கேட்கிறேன், இன்னும் காதில் குத்துகிறது. எங்கள் கோவில்பட்டிப் பக்கம் மாடு தின்னும், மனிதன் சாப்பிடுவான். பாசமாகத்தான் கேட்கிறார்கள் என்று புரியவே எனக்கு ஒரு வருடம் ஆனது. மாநிலத்தைத் தாண்டாதவன் எந்த முகத்தோடு தன்னைப் புலம்பெயர்ந்தவன் என்று சொல்லிக்கொள்கிறான் என்று ஊரில் நீங்கள் சிரிக்கலாம். கும்மிடிப்பூண்டியில் வந்து இருந்து பாருங்கள், தெரியும். டீக்கடைக்காரர் என்னை நைனா என்கிறார், சில்லறையை டப்பு என்கிறார். நான் வாய் தவறி "ஏலே" என்று ஆரம்பித்தால் கேன்டீனே திரும்பிப் பார்க்கிறது. நாஷ்டா கேள்விக்கு மட்டும் தினமும் ஒரே பதில் வைத்திருந்தேன்: "ஆச்சு". கடந்த இரண்டு வருடமாக அது பெரும்பாலும் பொய்.

எனக்கு மனச்சோர்வு நோய். இதைச் சொன்னதும் ஆளாளுக்கு வைத்தியராகி விடுகிறார்கள், அதுதான் நோயைவிடப் பெரிய தொல்லை. வாக்கிங் போ. மோர் குடி. குலசாமிக்கு ஒரு எட்டு போய் வா. இந்த ஊர்த் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா அப்பா போன பிறகு எனக்கென்று இருப்பது அக்கா ஒருத்திதான், அவள் வீட்டுக்காரர் போனில் கேட்டார், உனக்கு என்ன குறைச்சல் என்று. என்ன குறைச்சல் என்று தெரிந்தால் கடையில் வாங்கிப் போட்டுக்கொள்ள மாட்டேனா? பல் தேய்க்க பிரஷ்ஷை எடுத்துக்கொண்டு கட்டிலில் உட்காருவேன். அரை மணி கழித்தும் அங்கேயேதான் இருப்பேன், பேஸ்ட் காய்ந்து போயிருக்கும். சோம்பேறி என்று அடுத்தவர் சொல்வதற்குள் நானே என்னைத் திட்டி முடித்திருப்பேன்.

தெரிந்தவர் கண்ணில் பட வேண்டாம் என்று திருவள்ளூர் போய் ஒரு மனநல மருத்துவரைப் பார்த்தேன். அதற்கே பாதி உயிர் போய்விடும். ரயிலில் போனால் சென்னை வரை போய்த் திரும்பி வர வேண்டும், பஸ்ஸில் போனால் பெரியபாளையத்தில் இறங்கி மாற வேண்டும். அங்கே ஒவ்வொரு தடவையும் ஒரு தாள் கொடுப்பார்கள். தூக்கம் வருகிறதா, பசி எடுக்கிறதா, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா என்று வரிசையாகக் கேள்விகள், பக்கத்தில் கட்டங்கள். நான் மளமளவென்று எல்லாவற்றிலும் 'பிரச்சினை இல்லை' என்று டிக் அடித்துக் கொடுத்துவிடுவேன். நாலாவது தடவை டாக்டரம்மா தாளைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். மாத்திரையைக் கொஞ்சம் குறைத்துப் பார்க்கலாம் என்றார். சரி மேடம் என்று தலையாட்டிவிட்டு வந்து, பஸ் நிலையத்தில் மூன்று பஸ்ஸை விட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன். ஏறத் தெம்பில்லை.

ஏன் பொய் எழுதினாய் என்று கேட்காதீர்கள். எங்கள் வேலை அப்படி. பிரஸ் மிஷின்களுக்கு ஒரு லாக் புக் உண்டு. மணிக்கொரு தரம் சூடு, அழுத்தம், சத்தம் எல்லாவற்றுக்கும் நேரே 'நார்மல்' என்று எழுத வேண்டும். வேறு எதையாவது எழுதித் தொலைத்தால் லைன் நிற்கும், ஒரு வாரத்துக்கு ஏன் எதற்கு என்று பதில் சொல்லி மாளாது. அதனால் புத்தகத்தில் எல்லாம் எப்போதும் நார்மல். நிஜ நிலவரத்தை ஷிப்ட் மாறும்போது அடுத்து வருபவனிடம் வாயால் சொல்லிவிட்டுப் போவோம். பத்து வருடம் இப்படி எழுதிய கை, கட்டம் போட்ட தாளைக் கண்டால் தானாக ஓடுகிறது.

எனக்கு அடுத்த ஷிப்டுக்கு வருபவர் டில்லிபாபு. பெரியபாளையத்தை ஒட்டிய ஆரணிக்காரர், என் வயசு, ஓயாமல் பேசுவார், எனக்கு அதுவே எரிச்சல். மாத்திரை குறைத்த மூன்றாவது வாரம், மதியம் இரண்டு மணி. மூணாம் நம்பர் மிஷின் சத்தம் போடுகிறது, பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அவர் என் டிபன் பாக்ஸைத் தூக்கிப் பார்த்தார்.

"நாலு நாளா கனமாவே எடுத்துக்கினு போற. இன்னா கத?"

"ஒன்னுமில்ல, நார்மல்."

"நார்மல்னு புக்ல எழுதிக்கோ. என்னாண்ட சொல்லாத."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. உனக்கென்ன வந்தது என்று கத்தத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் வந்தது வேறு. எழுந்திருக்க முடியவில்லை, செத்தால் தேவலை என்று இருக்கிறது என்றேன். மிஷின் இரைச்சலில் சத்தமாகச் சொல்ல வேண்டியிருந்தது. அவர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. டாக்டரிடம் சொன்னாயா என்று கேட்டார். தாளில் டிக் அடித்த கதையைச் சொன்னேன். "லூசாபா நீ?" என்றார். அன்று தன் ஷிப்ட் முடியும் வரை என்னைக் கண்ணெதிரிலேயே உட்கார வைத்திருந்தார். பிறகு தன் வீட்டுக்குக் கூட்டிப்போய்ப் படுக்க வைத்தார். மறுநாள் லீவு போட்டு, பைக்கில் பின்னால் ஏற்றிக்கொண்டு திருவள்ளூர் போனார். வழி முழுக்க என்னைத் திட்டினார்.

"மேடம், இவரு எழுதறத நம்பாதீங்க. வாயால கேளுங்க," என்றார் உள்ளே போனதும். டாக்டர் தாளை மடித்து மேஜை ஓரத்தில் வைத்தார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல், மூணாம் நம்பரைப் பற்றிச் சொல்வது போலச் சொன்னேன். எப்போது ஆரம்பிக்கிறது, எத்தனை நேரம் இருக்கிறது, எப்போது மோசமாகிறது. செத்துப்போகத் தோன்றுவதைச் சொன்னபோது அவர் அதிரவில்லை, காய்ச்சலைப் பற்றிக் கேட்பது போல இன்னும் நாலு கேள்வி கேட்டார். மாத்திரையைப் பழைய அளவுக்கு ஏற்றினார், வாராவாரம் வரச் சொன்னார், டில்லிபாபு நம்பரை என் ஃபைலில் எழுதிக்கொண்டார்.

குணமாகிவிட்டேன் என்று எழுத ஆசைதான். இல்லை. மாத்திரை வாயைக் காய வைக்கிறது, பெரியபாளையத்தில் பஸ் இன்னும் நேரத்துக்கு வருவதில்லை. ஆனால் இரண்டு மணிக்கு டில்லிபாபுவிடம் மூணாம் நம்பரைச் சொன்ன கையோடு என்னையும் சொல்லிவிட்டு வருகிறேன். சில நாள் 'இன்னிக்குப் பரவால்ல' என்று சொல்ல முடிகிறது, அது பொய்யில்லை. அந்த நாட்களுக்காகத்தான் மற்ற நாட்களைத் தள்ளுகிறேன்.

போன ஞாயிற்றுக்கிழமை அக்கா கூப்பிட்டாள். "நல்லாருக்கியாலே?" இத்தனை வருடம் அவளுக்கு நான் லாக் புக்தான் வாசித்திருக்கிறேன். உண்மையைச் சொல்லலாம் என்று பார்த்தால் எங்கள் ஊர்ப் பேச்சில் அது வரவே மாட்டேன் என்கிறது. "இல்லக்கா. பேஜாரா கீது," என்றேன்.

இது என்ன பேச்சுலே என்று அதட்டுவாள் என்று காத்திருந்தேன். "சாப்பிட்டியாலே?" என்று மட்டும் கேட்டாள்.

"இன்னும் துன்னலக்கா."

"போய்த் தட்டுல போடு. நான் போனை வைக்கல."

சோற்றைப் போட்டுக்கொண்டு, போனை டம்ளரில் சாய்த்து வைத்தேன். அந்தப் பக்கம் அவள் வீட்டு மிக்ஸி ஓடியது, இந்தப் பக்கம் ஆந்திரா போகும் ரயில் போனது. இரண்டும் சேர்ந்து இரைந்ததில் அவள் சொன்னது எனக்குக் கேட்கவில்லை, நான் சொன்னது அவளுக்குக் கேட்கவில்லை. தட்டு காலியாகும் வரை இருவரும் போனை வைக்கவில்லை.