நான்கு அசைப் பெயர்

1969-ஆம் ஆண்டு ஆவணி மாதம். அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் இடையில் ஓர் உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்து எனக்கு இரண்டு வருடம் ஆகியிருந்தது. வயது இருபத்தாறு. வெண்பா எழுதுவேன் என்பதில் தலைகால் தெரியாத கர்வம். "இவரு நடந்து போனாக்கூடத் தளை தட்டாமத்தான் நடப்பாரு" என்று சக ஆசிரியர்கள் கேலி செய்வார்கள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்ட ஆள் நான்.

அப்போது எங்கள் பக்கம் கொஞ்சம் படித்தவர் வீட்டுக் கல்யாணம் என்றால் வாழ்த்து மடல் இல்லாமல் நடக்காது. வண்ணத்தாளில் அச்சடித்து, தாலி கட்டியதும் மைக்கில் வாசித்து, கண்ணாடிச் சட்டம் போட்ட ஒன்றை மாப்பிள்ளை கையில் கொடுக்க வேண்டும். அதற்கு என்னைத்தான் தேடி வருவார்கள்.

எங்கள் பள்ளியிலேயே வேலை பார்த்த ஓர் ஆசிரியைக்குக் கல்யாணம் நிச்சயமானது. நரிக்குடிப் பக்கம் ஒரு கிராமம். அப்பா அவருடைய சிறு வயதிலேயே இறந்துவிட்டார். அம்மாதான் களை வெட்டியும் பருத்தி எடுத்தும் கூலி வேலை பார்த்துப் படிக்க வைத்திருந்தார். ஒருநாள் சாப்பாட்டு வேளையில் அந்த ஆசிரியை என்னிடம் வந்தார்.

"சார், பத்திரிகையில அம்மா பேரு வரல. தாலி அறுத்தவ பேரு எதுக்குன்னு மாமா எடுக்கச் சொல்லிட்டாக. அம்மா மணவறைப் பக்கமும் வரமாட்டாக. உங்க பாட்டுலயாவது ஒரு எடத்துல அவுக பேரு வரணும் சார். மைக்குல ஒரு தடவை கேட்டா எனக்குப் போதும்."

"இதென்ன பெரிய காரியம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டேன்.

யார் பெயரையும் சொல்லாமல்தான் இதை எழுத நினைத்தேன். ஆனால் இந்த ஒரு பெயரைச் சொல்லாவிட்டால் எழுதவே வேண்டியதில்லை. அந்த அம்மாவின் பெயர் காளிமுத்தம்மாள்.

எழுத உட்கார்ந்தபோதுதான் வம்பு வந்தது. அசை பிரித்துப் பார்த்தேன். கா - ளிமுத் - தம் - மாள். நான்கு அசை. வெண்பாவில் ஒரு சீருக்கு மூன்று அசைக்கு மேல் இடம் கிடையாது. பெயரை இரண்டு சீராக வெட்டி வைக்கலாம், இலக்கணம் தடுக்காது. ஆனால் எதுகை ஒத்துவரவில்லை. அதோடு மங்கல வாழ்த்தில் ஒரு பெயரை நடுவில் பிளந்து வைப்பது எனக்கு அழகாகப் படவில்லை. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் "கற்புடைய தாயின் கருவில் உதித்தமகள்" என்று எழுதினேன். தளை சுத்தம், மோனை சுத்தம், எதுகையும் சுத்தம். தாய் என்று வந்துவிட்டதே, அது போதாதா என்று என்னை நானே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

புரூஃப் பார்க்க அருப்புக்கோட்டை அச்சகத்துக்குப் போனேன். கல்யாணப் பத்திரிகையும் அங்கேதான் அச்சானது. அச்சுக் கோப்பவருக்கு ஏறக்குறைய என் வயதுதான். மை ஏறிய விரலால் அந்த அடியைத் தொட்டுக் காட்டினார்.

"சார், இதுல அம்மா பேரு வரும்னு அந்தப் பிள்ளை சொல்லுச்சே?"

"அது நாலசை. வெண்பாவுல வராது."

"ரெண்டா வெட்டிப் போடலாம்ல சார்? எத்தனையோ பேரை அப்படிக் கோத்திருக்கேன்."

"கல்யாண வாழ்த்துல பேரை வெட்டுறதா?" என்று எரிந்து விழுந்தேன்.

அவர் கோபப்படவில்லை. "பத்திரிகையில இருந்து அந்தப் பேரை எழுத்து எழுத்தா எடுத்தது நான்தான் சார். மொத்தமா எடுக்குறதுக்கு வெட்டிப் போடுறது தேவலையில்லையா?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் என்ன செய்தேன் தெரியுமா? அச்சுக் கோக்கிறவர் எனக்கு யாப்புச் சொல்லித் தருவதா என்ற வீம்பில், புரூஃபில் கையெழுத்துப் போட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டேன்.

கல்யாணம் பெண் வீட்டு வாசலில், பந்தல் போட்டு நடந்தது. அந்த ஊரில் குடிக்க நல்ல தண்ணீர் கிடையாது. பந்திக்கு வேண்டிய தண்ணீரைப் பீப்பாய்களில் மாட்டுவண்டி வைத்துக் கொண்டுவந்திருந்தார்கள். பந்தலுக்குப் பின்னால் அந்தப் பீப்பாய்களுக்குப் பக்கத்தில், வாளியும் கையுமாகக் காளிமுத்தம்மாள் நின்றார். கேட்பவர்களுக்கு அளந்து ஊற்றிக் கொடுப்பது அவர் வேலை. மகள் கழுத்தில் தாலி ஏறியபோதும் அங்கேதான் நின்றார்.

தாலி கட்டி முடிந்ததும் என்னை மைக்குக்கு முன்னால் அழைத்தார்கள். மொத்தம் நான்கு வெண்பா. முதல் இரண்டையும் ராகம் போட்டு வாசித்தேன். மூன்றாவது, மணப்பெண்ணைப் பற்றியது. அதைத் தொடங்கியதும், அதுவரை குனிந்திருந்த பெண் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் அப்படியொரு நம்பிக்கை. அவருக்குக் கொடுக்க அடுத்த அடியில் என்ன வைத்திருக்கிறேன்? கற்புடைய தாய்! உலகத்தில் எந்தத் தாய்க்கும் ஒட்டிக்கொள்ளும் சொல். வெட்கமாக இருந்தது.

தாளைப் பார்க்காமல், "காளிமுத் தம்மாள் கருவில் உதித்தமகள்" என்று வாசித்தேன். தளை தட்டவில்லை. 'கற்புடைய' போய்விட்டதால், அடுத்த அடியில் இருந்த 'பொற்புடன்' மட்டும் எதுகைத் துணையில்லாமல் தனியே நின்றது. நிற்கட்டும். வெட்டிய இடத்தை வாய் தானாகச் சேர்த்துக்கொண்டது. பெயர் முழுசாகத்தான் ஒலித்தது. அடியை இரண்டு முறை சொல்வது வழக்கம் என்பதால், இன்னொரு தரம் உரக்கச் சொன்னேன்.

அதற்கப்புறம் நடந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு, ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி, அந்த அம்மா ஓட்டமும் நடையுமாக மணவறைக்கே வந்துவிட்டார். மைக்கில் தன்னைக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்திருக்கிறார்.

"தண்ணி பத்தலையா? கூப்பிட்டீகளே?" என்று என்னைக் கேட்டார்.

எங்கே வந்து நிற்கிறோம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. பதறிப் பின்வாங்கினார். அதற்குள் மகள் எழுந்து அந்தக் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். பத்திரிகையில் பெயரை எடுக்கச் சொன்ன அதே தாய்மாமன், துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வந்தது வந்துட்ட. பிள்ளைகளுக்குத் துன்னூறு பூசி விட்டுட்டுப் போக்கா" என்றார்.

அந்த அம்மா பூசினார். கை ஈரமாக இருந்ததால் திருநீறு இரண்டு நெற்றியிலும் குழைந்து திட்டாக ஒட்டியது. நான்காவது வெண்பாவை நான் வாசிக்கவே இல்லை. யாரும் அதைக் கேட்கவும் இல்லை.

அடுத்த வாரம் அச்சகத்துக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அச்சுக் கோப்பவர் எழுத்துப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்காமல், "இனிமே பேரை மொதல்ல எழுதுங்க சார். பாட்டு அதைச் சுத்தி வந்துரும்" என்றார். அப்படித்தான் இன்றுவரை எழுதுகிறேன். எவ்வளவோ வெண்பாக்களை அச்சில் பார்த்துப் பூரித்திருக்கிறேன். ஆனால் நான் எழுதியதிலேயே நல்ல அடி எது என்று கேட்டால், எதுகை கெட்ட அந்த அடியைத்தான் சொல்வேன். அதை அச்சில் ஏற்றாமல் விட்டேனே என்பது மட்டும் இன்றைக்கும் நெஞ்சில் முள்ளாக இருக்கிறது.