பச்சையில் நின்ற வண்டி

கதை விடுகிறேன் என்று நினைப்பவர்கள் இப்போதே பக்கத்தைப் புரட்டிவிடலாம். இது என் தாய்மாமாவுக்கு நடந்தது. எக்ஸ்பிரஸ் ரயில் ஓட்டுகிறவர். பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "போய் வேலையப் பாருங்கடா" என்று விரட்டுகிற ஆள். அவரே சொன்னதால்தான் நம்புகிறேன்.

ஒரு ராத்திரி அவர் ஓட்டிய வண்டியில் அவர் மகளும் இருந்தாள். பிரசவம் முடிந்து, கைக்குழந்தையோடு புருஷன் வீட்டுக்குத் திரும்புகிறாள். எஞ்சினை ஒட்டிய பெட்டி. "அப்பா ஓட்டுற வண்டி, நிம்மதியா தூங்கும்மா" என்று பெருமையடித்துவிட்டுத்தான் மாமா எஞ்சினில் ஏறினார்.

எஞ்சினில் இரண்டே பேர். அவரும் உதவி டிரைவரும். சிக்னல் தெரிந்ததும் உதவி டிரைவர் அதன் நிறத்தை உரக்கச் சொல்ல வேண்டும். மாமா அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். கண் அசந்துவிடக் கூடாது என்பதற்காக வைத்த வழக்கம்.

"பச்சை" என்றார் உதவி டிரைவர்.

"பச்சை" என்றார் மாமா.

"பச்சை..."

மூன்றாவதாக ஒரு குரல். மாமாவின் முதுகுக்குப் பின்னால்.

திரும்பினார். யாருமில்லை. உதவி டிரைவரின் முகம் வெளுத்திருந்தது.

"சார்... நீங்க ரெண்டு தடவை சொன்னீங்களா?"

"வாய மூடிக்கிட்டு முன்னாடி பாரு."

அடுத்த சிக்னல். அதற்கடுத்தது. ஒவ்வொரு முறையும் அந்தக் குரல் கொஞ்சம் நெருங்கி வந்தது. மாமாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. உட்கார்ந்தார், எழுந்தார், மறுபடி உட்கார்ந்தார். பிடரியில் யாரோ மூச்சு விடுகிற மாதிரி...

நடுக்காடு.

"பச்சை."

"பச்சை."

"சிவப்பு..."

காதோரம். தெளிவாக.

கண்ணெதிரே பச்சைதான் எரிந்தது. பச்சையில் நிறுத்தினால் வேலைக்கே உலை. ஆனால் பின்னால் மகள் இருக்கிறாளே! பேரன் இருக்கிறானே! அந்தக் குரல் சொன்னது நிஜமாக இருந்துவிட்டால்?

பிரேக்கைப் பிடித்தார்.

வண்டி நின்றது. பூச்சிச் சத்தம்கூட இல்லை.

டக்.

எஞ்சின் கதவின் தாழ் தானாக விலகியது. கதவு திறந்தது. கீழே ஜல்லியில் காலடிச் சத்தம்.

சரக்... சரக்...

பெட்டிகள் இருந்த பக்கம் போனது.

இறங்கிப் பார்க்க இரண்டு பேருக்கும் தைரியமில்லை. முன் விளக்கு வெளிச்சத்தில் தண்டவாளம் காலியாகக் கிடந்தது. கடைசிப் பெட்டியில் இருந்த கார்டு வாக்கிடாக்கியில் கத்தினார்.

"ஏன் சார் நிக்குது?"

"ஒண்ணுமில்ல. கிளம்பிடலாம்."

கிளம்பினார்கள். அதன் பிறகு குரல் கேட்கவில்லை. "தொலைஞ்சது சனியன்" என்று மாமா பெருமூச்சு விட்டார்.

விடிந்ததும் கடைசி ஸ்டேஷன். மாமா மகளிடம் ஓடினார். குழந்தை அவள் மடியில் கண்ணை அகலத் திறந்துகொண்டு படுத்திருந்தான். அப்போதுதான் மாமாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

மகள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

"ஏம்பா, நடுக்காட்டுல வண்டி நின்னப்ப வந்தீங்களே, ஒரு வார்த்தை பேசக் கூடாதா? நீங்க பாட்டுக்குக் குழந்தைய வாங்கிக்கிட்டு இருட்டுல இறங்கிட்டீங்க. வண்டி கிளம்புறப்பதான் கொண்டுவந்து குடுத்தீங்க. நான் எவ்வளவு பயந்துட்டேன் தெரியுமா?"

மாமா எஞ்சினை விட்டு இறங்கவே இல்லை.

அந்தப் பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். ஓடுகிறான், சிரிக்கிறான், வாய் ஓயாமல் பேசுகிறான். ஆனால் அந்த ராத்திரியிலிருந்து, ஊசி குத்தினாலும் சரி, விழுந்து பல் உடைந்தாலும் சரி... ஒரு தடவைகூட அவன் அழுததில்லை.