உத்திரத்துக்குக் கீழே மெத்தை நாற்காலி

ஈப்போவில் என் மகன் கட்டும் வீட்டுக்கு உத்திரங்கள் வந்து இறங்கியிருக்கின்றன. பதினான்கு. எல்லாம் ரப்பர் மரம். கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அறுத்த கையோடு மருந்தை அழுத்தி ஏற்றி, சூளையில் காயவைத்து, சட்டம் சட்டமாக அடுக்கிப் பசையிட்டு இறுக்கியது என்று மகன் விளக்குகிறான். "இது அந்தக் காலத்து மரம் இல்லப்பா. இன்ஜினியர் கணக்குப் போட்டுத்தான் கொடுத்திருக்காரு லா," என்கிறான். இருக்கலாம். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பதினான்கையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். ஓட்டை ஒன்றுமில்லை. மனசுதான் ஆறவில்லை.

எங்கள் வீட்டிலும் ஒரு ரப்பர் உத்திரம் இருந்தது. ஒன்றே ஒன்று.

அப்பா ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் சீவியவர். லகாட் பக்கம் ஒரு துண்டு நிலம் வாங்கி வீடு கட்டத் தொடங்கிய சமயம், தோட்டத்தில் கிழட்டு மரங்களைச் சாய்த்துக்கொண்டிருந்தார்கள். விறகுக்கு யார் வேண்டுமானாலும் எடுத்துப் போகலாம். அப்பா பால் நின்றுபோன மரமாகத் தேடி, நேராக ஓடிய ஒன்றைக் கூடத்து உத்திரத்துக்கு அறுத்துக்கொண்டார். அம்மாவின் அண்ணன், என் மாமா, மர ஆலையில் வேலை செய்தவர். அவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"மாப்ளே, அது அடுப்புக்குத்தான் லா ஆகும். பூச்சி மாவாக்கிடும்."

"பால் உள்ள மரத்தைத்தான் பூச்சி திங்கும் மச்சான். இதுல பால் நின்னு மூணு வருசமாச்சு. காலமெல்லாம் மரத்தோட கெடந்தவன் நான். எனக்குத் தெரியாதா?"

பால் நின்றால் மரம் உள்ளேயும் வறண்டுவிடும் என்றுதான் தோட்டத்தில் பலரும் நம்பினார்கள். பூச்சி தேடி வருவது பாலை அல்ல, மரத்துக்குள் இருக்கும் மாவுச்சத்தை என்பது நான் பிற்பாடு படித்தது. அந்த வாக்குவாதத்தோடு இருவருக்கும் பேச்சு நின்றது.

அடுத்த மழைக்காலத்தில் செமோரிலிருந்து அக்காவைப் பெண் பார்க்க வருவதாகச் சொன்னார்கள். முன்பு வந்த இரண்டு இடங்களும் தட்டிப்போயிருந்தன. இதுவும் போனால் அக்கா தாங்கமாட்டாள் என்று அம்மா அடுப்படியில் முனகிக்கொண்டே இருந்தாள். அக்கம்பக்கத்தில் ஏழு நாற்காலிகள் இரவல் வாங்கினோம். மெத்தை வைத்தது ஒன்றுதான். மாப்பிள்ளையின் அப்பாவுக்கென்று அதைக் கூடத்தின் நடுவில், உத்திரத்துக்கு நேர் கீழே போட்டாள் அம்மா. அதைத் துடைப்பது என் வேலை. காலையிலேயே இரண்டு முறை துடைத்துவிட்டேன். ஆனாலும் வெள்ளையாக ஏதோ படிந்துகொண்டே இருந்தது. அக்காவின் முகப் பவுடர் என்று நினைத்துக்கொண்டேன்.

தாய்மாமன் இல்லாமல் பெண்ணைக் காட்ட முடியாது. அதனால் மாமாவுக்கும் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் உள்ளே நுழைந்தபோதே மாப்பிள்ளை வீட்டார் கொட்டும் மழையில் வாசலில் குடையை மடக்கிக்கொண்டிருந்தார்கள். மாமா நாற்காலியில் விரலை வைத்தார், விரலைப் பார்த்தார், பிறகு தலையைத் தூக்கி மேலே பார்த்தார். அடுத்த நொடி மெத்தை நாற்காலியில் காலை அகட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"வாங்கண்ணே வாங்க. அங்க வாசல்கிட்ட உக்காருங்க, நல்லா காத்து வரும். எல்லாரும் அப்படியே ஓரமா உக்காருங்க."

மாப்பிள்ளையின் அப்பா முகம் சிறுத்தது. சாரல் அடிக்கும் இடத்தில், மரநாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். அப்பா குனிந்து, பல்லைக் கடித்தபடி மாமாவின் காதில் முணுமுணுத்தார்.

"எந்திரிங்க மச்சான். அது அவங்களுக்குப் போட்டது."

"இடுப்பு வலி லா மாப்ளே. மெத்தை இல்லாம முடியாது."

பக்கத்தில் போய் நின்ற என் காதை மாமா திருகி, "போடா அடுப்படிக்கு," என்று விரட்டினார். அழுதுகொண்டே அடுப்படி வாசலில் நின்று பார்த்தேன்.

அக்கா தேநீர் கொண்டுவந்தாள். அப்போது மேலே 'டக்' என்று ஒரு சத்தம். தகரக் கூரையில் மழை இரைந்தும் எனக்குக் கேட்டது. மாமா உடனே தன் மேலாளரைப் பற்றி ஏதோ கதையை உரக்க ஆரம்பித்து, தானே சிரித்தார். அவர் தலையில் மாவு உதிர்ந்தது, கோப்பையிலும் விழுந்தது. ஒரே மடக்கில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டார். அப்பா கதவுநிலையைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். இரண்டாவது 'டக்' கேட்டபோது அவர் மேலே பார்த்தார். பிறகு மாமாவைப் பார்த்தார். அதற்கப்புறம் மாமாவை எழுந்திருக்கச் சொல்லவே இல்லை.

போகும்போது மாப்பிள்ளையின் அம்மா என் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "பையனுக்குப் பொண்ணு புடிச்சிருக்கு. கல்யாணத்துல அந்த மாமாவை மட்டும் கொஞ்சம் தள்ளி உக்கார வைங்க."

அவர்கள் கார் திரும்பியதும் மாமா எல்லோரையும் வெளியே துரத்தினார். அவரும் அப்பாவும் கூரைக்கு முட்டுக்கொடுத்து உத்திரத்தைக் கயிறு கட்டி இறக்கினார்கள். பாதியிலேயே அது நடுவில் பிஸ்கட்டைப்போல முறிந்து, மெத்தை நாற்காலியிருந்த இடத்தில் 'தொம்' என்று விழுந்தது. உள்ளே வெறும் மாவு. அப்பா ஒரு கைப்பிடி அள்ளி விரலிடுக்கில் ஒழுகவிட்டார்.

வந்தவர்களுக்காக அடித்த கோழி இரவுச் சாப்பாட்டுக்கு மிச்சமிருந்தது. அம்மா இரண்டு தொடைகளையும் மாமாவின் தட்டில் வைத்தாள். அப்பா அதைப் பார்த்துவிட்டு, தன் தட்டிலிருந்த ஈரலையும் எடுத்து அதில் போட்டார். வந்தவர்களை அவமானப்படுத்திய ஆளுக்கு இவ்வளவு, காலையிலிருந்து நாற்காலி துடைத்த எனக்குக் கழுத்துத் துண்டு ஒன்று. இந்த வீட்டில் நியாயமே கிடையாது என்று முடிவுகட்டி, நான் சாப்பிடாமல் எழுந்துபோனேன்.