ஹேர்பின் மாட்டிய பக்கங்கள்

தலைவாரும்போது பழைய கறுப்பு ஹேர்பின் கையில் தட்டுப்பட்டால் இன்னமும் பயந்துகொண்டேதான் அதைச் செருகுவேன். கொண்டையில் செருகுகிற பின்னைப் பார்த்துப் பயப்படுகிறவள் ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். இந்தப் பயத்தைக் கொடுத்தவள் என் நாத்தனார். பாவம், நான் பயந்துவிடக் கூடாது என்றுதான் அவள் அந்தப் பின்னையே மாட்டினாள்.

எழுபதுகளின் தொடக்கம் அது. கும்மிடிப்பூண்டிக்குப் பக்கத்தில் நெல் விளையும் ஒரு கிராமத்தில் என் புகுந்த வீடு. என் வீட்டுக்காரரின் தங்கை டாக்டருக்குப் படித்துவிட்டுத் திருவள்ளூரில் வேலை பார்த்தாள். அமெரிக்காவில் போய் வைத்தியம் பார்க்க வேண்டுமானால் அதற்கென்று தனியாக ஒரு பரீட்சை எழுத வேண்டுமாம். காலேஜில் முதலில் படித்து மறந்ததெல்லாம் அதில் வருமாம். லீவு போட்டுவிட்டுத் தடித்தடியான புத்தகங்களோடு வந்து இறங்கினாள். வீட்டில் இங்கிலீஷ் படிக்கத் தெரிந்த இன்னொரு ஆள் நான்தான் என்பதால், புத்தகத்தைப் பார்த்துக் கேள்வி கேட்கிற வேலை என் தலையில் விழுந்தது. அப்போது எனக்கு ஐந்தாம் மாதம்.

முதல் பிள்ளையை அதற்கு முன்பே பறிகொடுத்திருந்தேன். பால் குடிக்க முடியாமல் மூச்சு வாங்கி, உதடும் நகமும் நீலம் பாரித்து, என் மடியிலேயே அடங்கிப்போனான். இதயத்தில் ஏதோ கோளாறு என்றார்கள். அதனால், கருவில் குழந்தை எப்படி உருவாகிறது, இதயத்தில் ரத்தம் எப்படி ஓடுகிறது என்கிற அந்த இரண்டு பாடங்களையும் என்னால் வெறும் பாடமாகப் பார்க்க முடியவில்லை. ஈரத்தலையை உலர்த்திக்கொண்டே முற்றத்தில் நடந்து அவள் பதில் சொல்வாள். நான் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிடும். மாமியாருக்குத்தான் பொறுக்கவில்லை.

"இன்னாடி இது, புள்ளத்தாச்சி கையில போய் இந்தப் படத்தெல்லாம் குடுத்துக்கினு கீற?" என்று மகளைத் திட்டுவார்.

ஒருநாள் இதயத்துக்குள் சுவர்கள் எப்போது எழும்பும் என்ற கேள்வி வந்தது. "எட்டாவது வாரத்துக்குள்ள எல்லாம் கட்டி முடிஞ்சிடும் அண்ணி, அடுத்தது கேளுங்க" என்றாள். நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். நான் மாசமாக இருப்பது உறுதியாகி, கோயில் கோயிலாக வேண்டிக்கொண்டதெல்லாம் அதற்கும் பிறகுதான். நல்லதோ கெட்டதோ, எனக்குத் தெரியாமலேயே உள்ளே வேலை முடிந்துபோயிருந்தது. அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

அந்தப் புத்தகத்தில்தான் சில பக்கங்களைச் சேர்த்து ஹேர்பின் மாட்டியிருந்தாள். "அது எனக்கு நல்லாத் தெரியும், கேக்க வேணாம்" என்று முதல் நாளே சொல்லிவிட்டாள். தெரிந்த பாடத்துக்கு எதற்கு ஹேர்பின்? அவள் குளிக்கப் போயிருந்தபோது கழற்றிப் பார்த்தேன். வரிசையாக இதயப் படங்கள். ஒன்றில் சுவரில் ஓட்டை, ஒன்றில் குழாய்கள் இடம் மாறியிருந்தன. நீலக் குழந்தை என்று அர்த்தம் வருகிற வார்த்தைகளும் இருந்தன. இருந்த இடத்திலேயே மாட்டி வைத்தேன். ஹேர்பின் திரும்பியிருந்ததை வைத்தே அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"பாத்துட்டீங்களா?" என்றாள். தலையாட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டாளே தவிர, ஒன்றும் ஆகாது என்று மட்டும் அவள் சொல்லவே இல்லை.

பெண் பிறந்தாள், திருவள்ளூரில். நாத்தனார் கூடவே இருந்தாள். அழுது சிவந்திருந்த குழந்தையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தவள், எடுக்கவே இல்லை. பிறகு மெதுவாக, "ஒரு சத்தம் கேக்குது அண்ணி. அந்தக் குழாய் இன்னும் மூடல போலக்கீது" என்றாள்.

எந்தக் குழாய் என்று எனக்குத் தெரியும். கருவில் குழந்தை மூச்சு விடுவதில்லை என்பதால், நுரையீரல் பக்கம் போகிற ரத்தத்தை வேறு பக்கம் திருப்பிவிட ஒரு சின்னக் குழாய் உண்டு. பிறந்து மூச்சு விட்டதும், வாய்க்காலில் மடையை அடைப்பது போல, அது தானாக மூடிக்கொள்ள வேண்டும். எத்தனையோ தடவை நானே கேட்ட கேள்வி அது.

"மூடிடுமா?" என்று கேட்டேன்.

கேட்டு முடிப்பதற்குள் பதில் சொல்கிறவள், குழந்தையின் நகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "மூடணும்" என்றாள் கடைசியில்.

மறுநாள் வரை குழந்தையின் உதட்டைத் தவிர நான் வேறெதையும் பார்க்கவில்லை. சாயங்காலம் வந்து மறுபடி ஸ்டெதாஸ்கோப்பை வைத்தாள். கேட்டுவிட்டுக் கட்டிலோரம் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். "சத்தம் இல்ல அண்ணி, குழாய் மூடிடுச்சு" என்றாள். என்னளவுக்கு அவளும் பயந்திருக்கிறாள் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதற்கப்புறம் எழுதிய பரீட்சையில் அந்தக் குழாய் பற்றிய கேள்வி வந்ததாம். பதில் தெரிந்தும், விடைக்கான கட்டத்தைப் பென்சிலால் கறுப்படிக்குமுன் கேள்வியை மூன்று தடவை படித்தாளாம். பாஸாகி அமெரிக்காவுக்கும் போய்விட்டாள்.

இருபத்தைந்து வருஷம் ஓடிவிட்டது. போன வாரம் அந்த மகளைத்தான் ஸ்கேனுக்கு அழைத்துப் போனேன், தலைப்பிரசவம். திரையில் சின்னதாக ஒரு இதயம் துடித்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா கருவியை ஓரிடத்திலேயே வைத்து, ஒன்றும் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னாம்மா, ஒண்ணுமே சொல்ல மாட்டேன்றாங்க?" என்று மகள் என் கையைப் பிடித்தாள்.

"அளவு எடுக்கறாங்கடி" என்றேன். சொல்லிக்கொண்டே நகர்ந்து, அவள் முகத்துக்கும் திரைக்கும் நடுவில் போய் நின்றேன். கொண்டையில் ஹேர்பின் உறுத்தியது. அதை எடுக்க அசைந்தால் திரை அவளுக்குத் தெரிந்துவிடும் என்று அப்படியே நின்றுகொண்டிருந்தேன்.